சைகோனிலிருந்து வந்த தோல் ஜாக்கெட்

புதுச்சேரியில் மார்கழி விடியற்காலைக்கே ஒரு பருத்திப் போர்வை போதும். அப்படிப்பட்ட ஊரில் சில வீட்டு பீரோக்களைத் திறந்தால், பாச்சை உருண்டை வாசனையோடு தடித்த தோல் ஜாக்கெட் ஒன்று வெளியே வரும். இடுப்பிலும் மணிக்கட்டிலும் கம்பளிப் பின்னல், முன்பக்கம் உலோக ஜிப். பார்ப்பதற்கு பைக் ஓட்டும் பையன்கள் போடுகிற மாதிரி இருக்கும். ஆனால் அது ஆகாயத்துக்காகத் தைத்தது. ஆயிரம் மீட்டர் மேலே போனால் வெப்பம் சுமார் ஆறரை டிகிரி குறையும். இரண்டாம் உலகப்போர்க் காலத்து விமானங்கள் பலவற்றில் உள்ளே சூடாக்கும் வசதி பேருக்குத்தான் இருந்தது. உடம்பைக் காப்பாற்றியது இந்தத் தோல்தான்.

இது எப்படி எங்கள் ஊருக்கு வந்தது என்று வெளியூர் நண்பர்கள் கேட்பார்கள். எங்கள் ஊரில் 'சொல்தா' என்றால் எல்லோருக்கும் தெரியும். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர் என்று அர்த்தம். புதுச்சேரி, காரைக்கால் ஆட்கள் இந்தோசீனாவிலும் அல்ஜீரியாவிலும் சேவை செய்தார்கள். 1954 நவம்பர் 1ஆம் தேதி ஆட்சி கைமாறியது, 1962 ஆகஸ்ட் 16ஆம் தேதி சட்டப்படி முடிந்தது. அதற்குப் பிறகும் பிரெஞ்சு அரசின் பென்ஷன் இந்த ஊர்த் தெருக்களுக்கு வந்துகொண்டுதான் இருக்கிறது. ஜூலை 14 அன்று கடற்கரைப் போர் நினைவுச் சின்னத்தின் முன்னால் மெடல் குத்திக்கொண்டு நிற்கும் பெரியவர்களைப் பார்த்திருப்பீர்கள். வருஷா வருஷம் எண்ணிக்கை குறைகிறது. அவர்கள் போன பிறகு மெடலைப் பிள்ளைகள் பத்திரப்படுத்துகிறார்கள், துணிமணிகளைப் போட்டுவிடுகிறார்கள். காந்தி வீதி சண்டே மார்க்கெட்டில் பழைய சட்டை பேண்ட் குவியலுக்கு நடுவே ராணுவப் பித்தான்களைப் பொறுக்கியவன் நான். அப்படித்தான் இந்தப் பித்து ஆரம்பித்தது.

இன்னொரு காரணமும் உண்டு. நான் பிரெஞ்சு மீடியத்தில் படித்தவன். அலுவலகத்தில் இருந்த காலத்திலேயே பழைய பிரெஞ்சுப் பதிவேடு என்றால் என் மேஜைக்குத்தான் வரும். ஓய்வு பெற்ற பிறகு அக்கம்பக்கத்து வீடுகளிலிருந்து காகிதங்கள் வர ஆரம்பித்தன. பிறப்புப் பதிவு, கொன்சுலா கடிதம், பென்ஷன் படிவம், பட்டாளத்துப் பதிவுப் புத்தகமான லிவ்ரே மிலித்தேர். படித்துச் சொல்ல வேண்டும், பதில் எழுத வேண்டும். கூலி ஒரு டம்ளர் காபி. காகிதம் இருக்கும் பெட்டியில்தான் ஜாக்கெட்டும் இருக்கும் என்பதைப் போகப்போகத் தெரிந்துகொண்டேன்.

ஆகாய ஜாக்கெட்டுகளில் அதிகப் பேர் தேடுவது அமெரிக்கர்களின் ஏ-2. 1931 மே மாதம் அமெரிக்க ராணுவ விமானப் பிரிவு அதை ஏற்றுக்கொண்டது. 1943இல் புதிதாகத் தைக்கக் கொடுப்பதை நிறுத்திவிட்டு, துணி ஜாக்கெட்டுக்கு மாறிவிட்டார்கள். விமானிகளுக்கு அதில் வருத்தம். தோல் ஜாக்கெட் போட்டவனுக்கு ஒரு மிடுக்கு இருந்தது. கிடைத்தவர்கள் கழற்றவே இல்லை. அமெரிக்கக் கடற்படைக்குத் தனி ஜாக்கெட். போர்க்காலத்தில் அதற்கு வேறு பெயர், போருக்குப் பிறகு ஜி-1 என்றார்கள். இரண்டையும் பிரித்தறிவது சுலபம். கழுத்துப்பட்டையில் ஆட்டுரோமம் இருந்து, முதுகில் கை வீசுவதற்கு மடிப்பு வைத்திருந்தால் கடற்படை. கழுத்துப்பட்டையும் தோலாக இருந்து, முதுகு முழுவதும் ஒரே துண்டாக இருந்தால் ஏ-2. தோளில் பட்டி இருக்கும். முன்பக்கம் மூடி வைத்த இரண்டு பைகள் இருக்கும், பக்கவாட்டில் கைவிட்டுக்கொள்ளும் வழி இருக்காது. பட்டாளத்தில் எந்த நாட்டு அதிகாரிக்கும் பையில் கைவிட்டு நிற்பவனைப் பிடிக்காது.

தோலைப் பற்றி நம் பக்கத்து ஆட்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைக்காரர்கள் தொட்டுப் பார்த்தே சொல்வார்கள். ஏ-2 பெரும்பாலும் குதிரைத் தோல். நெருக்கமாக, வழவழப்பாக இருக்கும், மடங்கும் இடத்தில் மெல்லிய கோடுகள் விழும். கடற்படையுடையது வெள்ளாட்டுத் தோல். புள்ளி புள்ளியாக மணல் தூவியது போல இருக்கும். ஆவாரம்பட்டை போன்ற பட்டைச் சாற்றில் பதனிட்ட தோலை வெட்டினால் உள்ளேயும் பழுப்பு. குரோமியத்தில் பதனிட்டது என்றால் வெட்டு வாயில் நீலச் சாம்பல் தெரியும். நான் முதலில் பார்ப்பது பையின் மூடியைத் தூக்கி அதன் ஓரத்தை. அங்கே யாரும் பாலிஷ் போட்டிருக்க மாட்டார்கள்.

அடுத்தது கழுத்துக்குக் கீழே தைத்திருக்கும் லேபிள். அதைப் படிப்பது ஓர் அரசாணையைப் படிப்பது போலத்தான். என்ன வகை, வரைபட எண் 30-1415, ஆர்டர் எண், தைத்துக் கொடுத்த கம்பெனி, அமெரிக்க ராணுவ விமானப்படையின் சொத்து என்ற வரி. ஆர்டர் எண் 42 என்று தொடங்கினால் 1942ஆம் நிதியாண்டு. பென்சில்வேனியாவின் ரஃப் வேர், நியூயார்க் மாநிலத்தின் ஏரோ லெதர், பெர்ரி, சிகாகோவின் டூபோ என்று பல கம்பெனிகள் தைத்தன. ஒவ்வொன்றின் கழுத்துப்பட்டை முனையும் பையின் வளைவும் கொஞ்சம் கொஞ்சம் மாறும். ஆகவே லேபிள் ஒரு கம்பெனியைச் சொல்லி, பை இன்னொரு கம்பெனியைச் சொன்னால், கோப்பில் ஏதோ பக்கம் மாற்றி வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

போலி நிறைய உண்டு. எல்லாவற்றையும் போலி என்றும் சொல்ல முடியாது. 1986இல் 'டாப் கன்' படம் வந்த பிறகு உலகம் முழுக்க இந்த மாதிரி ஜாக்கெட் போட ஆசைப்பட்டது. ஜப்பானியர்கள் நூல் கணக்குக்கூடத் தவறாமல் நகல் செய்கிறார்கள். அவை நேர்மையான நகல், தங்கள் பெயரையும் போட்டு விற்கிறார்கள். அமெரிக்க விமானப்படையே 1988இல் ஏ-2வைத் திரும்பக் கொண்டுவந்தது, இந்த முறை வெள்ளாட்டுத் தோலில். வம்பு எங்கே என்றால், சாதாரணக் கடை ஜாக்கெட்டில் ராணுவ லேபிள் மாதிரி அச்சடித்து ஒட்டுவதில். அப்படி வந்தவற்றில் பாதியை நான் இரண்டு நிமிடத்தில் ஒதுக்கிவிடுவேன். அசலில் அளவு 36, 38, 40 என்று எண்ணில் இருக்கும், எக்ஸ்.எல். என்று இருக்காது. எப்படித் துவைக்க வேண்டும் என்று படம் போட்ட சின்னச் சீட்டு இருக்காது. ஜிப்பில் டாலன், கிரவுன், கான்மார் போன்ற பெயர் இருக்கும். ஒய்.கே.கே. இருந்தால் பின்னால் மாற்றியிருக்கிறார்கள். அதனாலேயே ஜாக்கெட் போலி ஆகிவிடாது. வீட்டு ஓட்டை மாற்றினால் வீடு பொய்யா?

நூலுக்கு ஒரு சோதனை உண்டு. கடைக்காரர்கள் ரூபாய் நோட்டைச் சரிபார்க்க வைத்திருக்கும் ஊதா விளக்கு போதும். எங்கள் தெரு மருந்துக்கடைத் தம்பி எனக்குக் கடன் தருவார். இருட்டறையில் அந்த வெளிச்சத்தைக் காட்டினால், போருக்குப் பிறகு வந்த வெளுப்பு ரசாயனம் சேர்ந்த நூல் பளீரென்று மின்னும். பழைய பருத்தி நூல் மங்கலாகவே கிடக்கும். இன்னும் சந்தேகம் இருந்தால் பிசிரில் ஒரு துளி எடுத்துக் கொளுத்துவேன். பருத்தி சாம்பலாகும், பாலியெஸ்டர் உருகி மணியாகும்.

இவ்வளவும் தெரிந்துதான் போன வருஷம் எங்கள் தெருக்கோடி வீட்டு அக்கா கூப்பிட்டபோது போனேன். அவருக்கு எண்பத்தெட்டு வயது, எனக்கு எழுபத்தைந்து. இன்னும் 'தம்பி' என்றுதான் கூப்பிடுவார். கணவர் சொல்தா. 1948இல் சேர்ந்து, பதினைந்து வருஷம் முடித்து, ஊருக்கு வந்து மோட்டார் மெக்கானிக் ஷெட் வைத்திருந்தவர். அவர் காலமாகி வெகுநாளாகிறது. பேரன் இன்ஜினியரிங் கடைசி வருஷம், கட்டணம் பாக்கி. ஒரு பழம்பொருள் வியாபாரி வீட்டுக்கு வந்து ஜாக்கெட்டைப் பார்த்துவிட்டுப் போயிருக்கிறார்.

பேரன்தான் பேசினான். "சார், அப்படியே குடுத்தா நாலாயிரம்ன்றாரு. அவரே கொஞ்சம் வேலை பண்ணி வித்தா நாப்பதாயிரம் பங்கு குடுக்குறேன்றாரு. தாத்தா பைலட்டுன்னு நாம ஒரு லெட்டர் மட்டும் எழுதிக் குடுக்கணுமாம்."

என்ன வேலை என்று கேட்டேன். உள் லைனிங்கில் இருக்கும் ஒரு மை எழுத்தை அழித்துவிட்டு அங்கே தாத்தா பெயரை எழுதுவது. இடது மார்பில் ஒரு பேட்ஜ் தைப்பது. அந்த பேட்ஜின் படத்தைக் கைபேசியில் காட்டினான். கேடயம் போன்ற வடிவம், மேலே நீலத்தில் சீனத்துச் சூரியனும் ஒரு நட்சத்திரமும், கீழே சிவப்பு வெள்ளைப் பட்டைகள். சீனா-பர்மா-இந்தியா போர்முனையில் இருந்த அமெரிக்கர்களின் சின்னம் அது. 1942 முதல் அஸ்ஸாமிலிருந்து இமயத்தைத் தாண்டிச் சீனாவுக்குச் சாமான் ஏற்றிச் சென்றவர்கள் இந்தச் சின்னத்தை நம் ஊர்க் கைவினைஞர்களிடம் தோலிலும் ஜரிகையிலும் செய்து வாங்கி மாட்டிக்கொண்டார்கள். சேகரிப்பாளர்கள் இன்று அதற்காகவே அடித்துக்கொள்கிறார்கள். இதில் தொல்லை என்னவென்றால், வாரணாசி போன்ற ஊர்களில் ஜரிகை பேட்ஜ் தைக்கும் தொழில் இன்றும் நடக்கிறது. அதே ஊசி, அதே கை. பழையது எது, போன மாதம் தைத்தது எது என்று ஊதா விளக்கே திணறும்.

ஜாக்கெட்டை வாங்கி ஜன்னலோரம் வைத்துப் பார்த்தேன். பையின் ஓரம், பின்னல், ஜிப், நூல் எல்லாம் சரி. லேபிள் மங்கியிருந்தது, ஆனால் ரஃப் வேர் என்பதும் ஆர்டர் எண்ணின் 42ம் தெரிந்தன. அளவு 38. சந்தேகமே இல்லாத ஏ-2. அந்த மை எழுத்தைத்தான் நெடுநேரம் பார்த்தேன். ஓர் ஆங்கில எழுத்து, அதை அடுத்து நான்கு எண்கள். அமெரிக்கச் சிப்பாய்கள் சலவைக்குப் போடும் துணியில் போட்டுக்கொள்ளும் குறி அது: குடும்பப் பெயரின் முதல் எழுத்து, படை எண்ணின் கடைசி நான்கு இலக்கம். யாரும் விலை ஏற்றுவதற்காக இப்படி ஒரு குறியை எழுத மாட்டார்கள். ஏமாற்றுகிறவன் விமானம் வரைவான், வெடிகுண்டு வரைவான், மார்பில் பெயர்ப்பட்டை தைப்பான். வண்ணான் குறியைப் போட அவனுக்குத் தோன்றாது. அந்த ஜாக்கெட்டிலேயே மிக உண்மையான இடம் எதுவோ அதைத்தான் வியாபாரி அழிக்கச் சொல்லியிருக்கிறார்.

பிறகு லிவ்ரே மிலித்தேரைக் கேட்டேன். பெரியவர் 1950 முதல் 1954 வரை இந்தோசீனாவில் இருந்திருக்கிறார், சைகோன் டான் சொன் நுட் விமானத் தளத்தில். தொழில் என்ற இடத்தில் அழகான சாய்வெழுத்தில் 'மெக்கானிசியென்' என்று எழுதியிருந்தது. விமானி இல்லை, விமானம் ரிப்பேர் செய்தவர். அந்தக் காலத்தில் பிரெஞ்சு விமானப்படை அங்கே ஓட்டியதில் பெரும்பகுதி அமெரிக்க விமானங்கள்: டகோட்டா, பேர்கேட், பி-26. அமெரிக்காவின் மிச்சச் சாமான்களும் தளங்களிலும் சந்தையிலும் தாராளமாகப் புழங்கின. ஆக யாரோ ஓர் அமெரிக்கன் 1942க்குப் பிறகு போட்டுக் கழற்றியதை நம் ஊர்க்காரர் பிறகு போட்டிருக்கிறார். பேட்ஜ் சொல்லப்போகும் கதைக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. அந்த போர்முனையை அமெரிக்கர்கள் 1944லேயே இரண்டாகப் பிரித்துவிட்டார்கள், பெரியவர் பட்டாளத்தில் சேர்ந்ததே நான்கு வருஷம் கழித்து.

இதைச் சொல்வதில் எனக்கு ஒரு சங்கடம் இருந்தது. தெருவில் எல்லோருக்கும் அவர் 'ப்ளேன் ஓட்டினவர்'. பேரன் அதைச் சொல்லியே பள்ளியில் பெருமைப்பட்டவன். அவன் முகத்தைப் பார்க்காமல் லிவ்ரேயில் உள்ள வரியைப் படித்து, தமிழில் சொன்னேன்.

அக்கா சிரித்துவிட்டார். "நான் எப்பத் தம்பி ப்ளேன் ஓட்டினாருன்னு சொன்னேன்? ப்ளேன் வேலைன்னுதான் சொன்னேன். இந்தப் பசங்களா ஏத்தி விட்டுச்சுங்க. அந்தக் கோட்டு சைகோன் மார்க்கெட்ல வாங்கினாரு. ராத்திரில ரெக்கை மேல ஏறி உக்காந்து ஸ்பானர் புடிக்கணுமாம், மழைல நடுங்குமாம்."

பையன் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு கேட்டான், "அப்ப லெட்டர் எழுத வேணாமா சார்?"

"எழுதலாம். மெக்கானிக்குன்னு எழுது" என்றேன்.

விலை என்ன வரும் என்பது அடுத்த கேள்வி. நல்ல நிலையிலுள்ள அசல் ஏ-2 ஆயிரம் டாலருக்கு மேலேயும் போகும். இது போகாது என்று தெரிந்தது. தோல் சில இடங்களில் கறுத்துப் பிசுபிசுத்திருந்தது. அக்கா விளக்கினார். கணவர் ஷெட் வைத்திருந்த நாளிலிருந்து ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் ஸ்பானர், ஜாக்கி, சுத்தியலோடு ஜாக்கெட்டையும் மணையில் வைப்பாராம். பூஞ்சை பிடிக்காமல் இருக்கத் தேங்காய் எண்ணெய் தடவி, ஜிப்பின் கைப்பிடியில் சந்தனம் குங்குமம் வைப்பார். அவர் போன பிறகும் அக்கா விடவில்லை. ஐம்பதுக்கும் மேற்பட்ட ஆயுத பூஜை எண்ணெய்! சமையல் எண்ணெய் தோலுக்கு ஆகாது. நாளாக நாளாகக் கெட்டுப்போய் நூலையும் அரிக்கும். இதை நான் அக்காவிடம் சொல்லவில்லை. சொல்லி என்ன ஆகப்போகிறது? பேரனிடம் மட்டும் தனியாகச் சொன்னேன், விற்கும்போது மறைக்கக் கூடாது என்பதற்காக.

வாங்கியவர் பிரான்சில், லியோன் நகரப் பக்கம் இருக்கும் ஒரு சேகரிப்பாளர். இருபதுக்கும் மேற்பட்ட படங்கள் அனுப்பினோம். எண்ணெய்க் கறை, கிழிந்த அக்குள், குங்குமச் சிவப்பு, சலவைக் குறி எல்லாவற்றுக்கும் தனித்தனிப் படம். பிரெஞ்சில் நான்தான் எழுதினேன். 58,000 ரூபாய்க்கு முடிந்தது. அவர் லிவ்ரேயையும் சேர்த்துக் கொடுத்தால் இன்னும் பணம் தருவதாகச் சொன்னார். அது நடக்காது என்று நானே பதில் எழுதிவிட்டேன். பென்ஷனுக்கு ஆதாரமான காகிதத்தை உயிரோடு இருக்கும் விதவை கைவிடலாமா? சட்டத்திலும் ஒரு முடிச்சு இருக்கிறது. 1972ஆம் வருஷத்துத் தொல்பொருள் சட்டத்தில் பொருள்களுக்கு நூறு வருஷக் கணக்கு, ஆகவே ஜாக்கெட்டுக்குத் தடை இல்லை. வரலாற்று மதிப்புள்ள கையெழுத்து ஆவணம் என்றால் எழுபத்தைந்து வருஷம்தான். 1948ஆம் வருஷத்து லிவ்ரே அந்தக் கோட்டைத் தாண்டிவிட்டது. வரலாற்று மதிப்பு உண்டா இல்லையா என்று யார் தீர்ப்பு சொல்வது? முப்பது வருஷம் குமாஸ்தாவாக இருந்தவன் இப்படிப்பட்ட கோப்பைத் தொடவே மாட்டான். நான்கு பக்கத்துக்கு ஜெராக்ஸ் எடுத்து அனுப்பினோம்.

ஜனவரியில் அவரிடமிருந்து கவலையாக ஒரு கடிதம். ஜாக்கெட்டின் மேல் வெள்ளையாகப் பூத்திருக்கிறது, பூஞ்சையா, இந்தியாவிலிருந்து ஏதாவது நோய் வந்துவிட்டதா என்று கேட்டிருந்தார். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்ததும் புரிந்துவிட்டது. தேங்காய் எண்ணெய் சுமார் 24 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடும். நம் ஊரில் டிசம்பர் மாதத்து பாட்டிலில்தான் அதைப் பார்ப்போம். லியோன் குளிரில் தோலுக்குள் இருந்ததெல்லாம் மேலே வந்து உறைந்திருக்கிறது. உள்ளங்கைச் சூட்டில் தேய்த்து மெல்லிய துணியால் ஒற்றி எடுக்கச் சொல்லி எழுதினேன். ஜிப்பில் இருக்கும் சிவப்பு என்ன என்றும் கேட்டிருந்தார். ஆயுத பூஜையைப் பிரெஞ்சில் எப்படிச் சொல்வது? 'கருவிகளின் திருநாள்' என்று எழுதி, ஒரு மெக்கானிக்கின் வீட்டில் வைத்த பொட்டு என்று சேர்த்தேன்.

வெள்ளையைத் துடைத்துவிட்டதாகவும் சிவப்பை அப்படியே விட்டிருப்பதாகவும் பதில் வந்தது. அக்காவிடம் படித்துக் காட்டினேன். "வெள்ளைக்காரன் வீட்டுக்கும் போச்சா குங்குமம்" என்றார். பிறகு பீரோவிலிருந்து லிவ்ரேயையும் ஒரு நீளக் கவரையும் எடுத்து வந்தார். கொன்சுலாவிலிருந்து உயிரோடு இருப்பதற்கான சான்று கேட்டுப் படிவம் வந்திருந்தது. காபி வரும்வரை அதை நிரப்பினேன்.